வலசை திரும்பும் பருவத்தில் கடற்கரைப் பயணம்: திட்டமிட ஈபேர்ட் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

மாசி கடைசியில் நம் கடற்கரை உள்ளான்களின் நிறம் மாறத் தொடங்கும். குளிர்காலம் முழுக்கச் சாம்பலாகத் திரிந்த வளைமூக்கு உள்ளானின் மார்பில் செங்கல் சிவப்பு திட்டுத்திட்டாக ஏறும். மங்கோலிய பட்டாணி உப்புக்கொத்திக்கு நெஞ்சில் செம்பட்டை விழும். இந்தக் கோலத்தோடு அவை வடக்கே கிளம்பிவிடும் என்பதால் பார்க்கக் கிடைப்பது சில வாரங்கள்தான். எந்த வாரம், எந்த இடம் என்று முடிவு செய்யப் பறவை ஆர்வலர்கள் முதலில் திறப்பது ஈபேர்ட்; பார்த்த பறவைகளின் பட்டியலை ஆர்வலர்களே பதிவேற்றும் இணையதளமும் செயலியும் அது. கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இந்தச் சேவை 2002-ல் தொடங்கியது, கட்டணம் இல்லை. கோடியக்கரை, தனுஷ்கோடி இரண்டையும் வைத்து இதை எடை போட்டுப் பார்க்கலாம்.

இதில் இருக்கும் மிகச் சிறந்த கருவி 'பார் சார்ட்ஸ்'. ஒவ்வொரு மாதமும் நான்கு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பறவையின் பெயருக்கு நேரே பச்சைப் பட்டை தடித்தும் மெலிந்தும் ஓடும். அந்தப் பட்டையின் தடிமன் பறவைகளின் எண்ணிக்கையைக் காட்டுவதில்லை. அந்த வாரம் பதிவான முழுப் பட்டியல்களில் (அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் விடாமல் குறித்தவை) எத்தனை சதவீதத்தில் அந்தப் பறவை இருந்தது என்பதைத்தான் காட்டுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் பயணமே தப்பாகிவிடும். பொங்கல் விடுமுறையில் ஒரு இடத்துக்கு நிறையப் பேர் போவார்கள்; ஏப்ரல் வெயிலில் போகிறவர்கள் சொற்பம். மூன்றே பட்டியல் வந்து, அதில் ஒன்றில் ஒரு பறவை இருந்தால் 33 சதவீதம் என்று பட்டை தடித்துவிடும். அதனால் பக்கத்தின் அடியில் உள்ள தரவைத் தரவிறக்கி, வாரவாரியாக எத்தனை பட்டியல் என்று காட்டும் வரியை முதலில் பாருங்கள். பத்துக்குக் கீழே இருந்தால் அந்த வாரத்துப் பட்டையை நம்ப வேண்டாம். பக்கத்து வாரங்களோடு சேர்த்துப் படியுங்கள்.

மே, ஜூனிலும் சில உள்ளான்களுக்கு மெல்லிய கோடு நீளும். அது பிழையில்லை. முதல் வயதுப் பறவைகள் பல வடக்கே போகாமல் இங்கேயே கோடையைக் கழிக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சாம்பல் கோலத்திலேயே இருக்கும் என்பதால் அந்தக் கோட்டை நம்பி மே மாதம் கிளம்பினால் ஏமாற்றம்தான்.

அடுத்து 'ஸ்பீசிஸ் மேப்ஸ்', ஒரு பறவை எங்கெங்கே பதிவானது என்று காட்டும் வரைபடம். மாதத்தை மார்ச்–ஏப்ரல் என்றும், ஆண்டை அண்மைக் காலம் என்றும் குறுக்கிக்கொள்ளுங்கள். சிவப்புக் குறி என்றால் கடந்த 30 நாளில் பார்த்தது. நண்டுதின்னி உள்ளான் மாதிரி சில இடங்களில் மட்டும் கிடைக்கும் பறவைக்கு இந்த வரைபடம் பொன்னானது.

இனி குறை. கடற்கரையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது தண்ணீர். ஈபேர்டுக்குத் தண்ணீர் தெரியாது. கோடியக்கரையில் பெரிய வேதாரண்யம் சதுப்பு வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, பிப்ரவரிக்குப் பின் வற்றத் தொடங்கும். பூநாரைக்கு முழங்கால் ஆழம் ஒரு பொருட்டே இல்லை. சிறு கொசு உள்ளானுக்கோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர், அதன் ஓரத்தில் ஈரச் சேறு, இவ்வளவு வேண்டும். மழை தாமதித்த ஆண்டில் மார்ச்சிலும் சதுப்பு ஆழமாகவே இருக்கும். பட்டை எவ்வளவு தடித்திருந்தாலும் கொசு உள்ளான் அங்கே நிற்காது. பாக் நீரிணைப் பக்கம் ஓதத்தின் ஏற்ற இறக்கம் சிறியது. காற்று தண்ணீரை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதும் சேற்றைத் திறக்கும், மூடும். போகும் வாரத்து மழை, காற்று நிலவரத்தைத் தனியே பார்ப்பதும், உள்ளூரில் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்பதும் தவிர்க்க முடியாதவை.

வரைபடக் குறி அனுமதியையும் சொல்லாது. கோடியக்கரைச் சரணாலயத்தின் பெயரில் காடும் சதுப்பும் அடக்கம். உப்பளங்கள் வேறு கையில். வனத்துறையிடமும் உப்பளத்தாரிடமும் முன்கூட்டியே கேளுங்கள். தனுஷ்கோடியில் மாலைக்குப் பின் அனுமதி கிடையாது. அங்கே விடிந்ததும் நேராகச் சாலை முடியும் அரிச்சல்முனை வரை போய்விட்டு, திரும்பும் வழியில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மேற்கே பார்த்து வரும்போது வெயில் முதுகில் இருக்கும், நிறம் துல்லியமாகத் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பிவிட்டால் 60 மடங்கு தொலைநோக்கி இருந்தும் பயனில்லை. 20–25 மடங்கே போதும். இரண்டு ஊரையும் ஒரே நாளில் அடைக்க முயல வேண்டாம்.

ஒலியையும் படத்தையும் வைத்துப் பறவையை அடையாளம் சொல்லும், இதே ஆய்வகத்தின் மெர்லின் செயலியைக் கரைப்பறவைகளுக்குத் துணையாக மட்டும் வையுங்கள். பவளக்காலியின் குரலை ஒழுங்காகப் பிடிக்கும். ஆனால் கடற்காற்று மைக்கில் அடிக்கும்போதும், கூட்டம் சத்தமில்லாமல் மேயும்போதும் ஒலி அடையாளத்தால் ஆவது ஒன்றுமில்லை. படத்தில் பறவை பக்கவாட்டில், அலகும் காலும் தெளிவாகத் தெரியும்படி இருந்தால்தான் பதில் தேறும். மங்கோலிய பட்டாணி உப்புக்கொத்தியை 2023-ல் ஈபேர்ட் சைபீரியன், திபெத்தியன் என இரண்டாகப் பிரித்தது. இந்தியாவில் வழக்கமாகக் காண்பது திபெத்தியன். ஐயமிருந்தால் இரண்டையும் சேர்த்த பதிவைத் தேர்ந்தெடுப்பதே நேர்மை. இரு செயலிகளின் பறவைத் தொகுப்புகளையும் வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள். முனைப் பகுதியில் சிக்னலை நம்ப முடியாது.

வாரத்தைத் தேர்ந்தெடுக்க ஈபேர்டை மிஞ்ச இன்று எதுவும் இல்லை. நாளைத் தேர்ந்தெடுக்க அது போதாது. பயணம் முடிந்ததும் காடு, சதுப்பு, உப்பளம் மூன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் போடுங்கள். எண்ணிக்கைக்குப் பதில், 'இருந்தது' என்று மட்டும் சொல்லும் எக்ஸ் குறியை இடாமல், தோராயமாகவாவது ஓர் எண் எழுதுங்கள். பட்டியல் குறைவாக வரும் ஏப்ரல் வாரங்களுக்கு இவைதான் மிகவும் தேவை.