கடலூர் பக்கம் ஒரு பி.எச்.சி.யில் ‘அந்தரா’ கருத்தடை ஊசி: போய்ப் பார்த்த அனுபவம்

கடலூரை ஒட்டிய ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கும் கருத்தடை ஆலோசனையையும் ‘அந்தரா’ ஊசியையும் பற்றி எழுதுகிறேன். நிலையத்தின் பெயரைப் போட்டால் அந்த நர்ஸ் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும், அதனால் போடவில்லை. நான் போனது என் தங்கை மகளுக்குத் துணையாக. முதல் குழந்தைக்கு எட்டு மாதம், இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறாள், பாதியில் நிற்கும் பி.எட். படிப்பை முடிக்க வேண்டும். அடுத்த குழந்தை மூன்று வருஷம் கழித்துப் போதும் என்பது அவளும் மாப்பிள்ளையும் சேர்ந்து எடுத்த முடிவு.

முதலில் புதுச்சேரியில் ஒரு தனியார் கிளினிக்குக்குத்தான் போனாள். “ரெண்டாவதையும் சீக்கிரம் பெத்துக்கிட்டு ஆபரேஷன் பண்ணிக்கோம்மா” என்று சொல்லி, கன்சல்டிங் ஃபீஸ் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. மக்கள்தொகை ஆய்வில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கருவுறுதலும் குடும்பக் கட்டுப்பாடும்தான் என் வேலைக்காலம் முழுவதும். 1993-இல் தென் ஆற்காடு மாவட்டம் பிரிவதற்கு முன்பே குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி பக்கத்துக் கிராமங்களில் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். 25, 26 வயதிலேயே ஆபரேஷன் முடிந்திருந்த எத்தனையோ பெண்களிடம் பேசியிருக்கிறேன். “வேற வழி இருக்குன்னு யாரும் சொல்லலீங்க” என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில்.

எண்களும் அதையே சொல்கின்றன. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷனை நம்பியிருக்கிறார்கள். ஆண்களின் ஆபரேஷன் 0.3 சதவீதம். ஊசி 0.6. அதே ஆய்வில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை, புதுச்சேரியில் 1.5. இந்த எண்களை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெண்ணைக் கேட்டுச் செய்தோமா என்பதும் எனக்கு அதே அளவு முக்கியம்.

அதைச் சோதிக்க ஆய்வுப் படிவத்திலேயே மூன்று கேள்விகள் உண்டு. பக்கவிளைவு வரலாம் என்று சொன்னார்களா? வந்தால் என்ன செய்வதென்று சொன்னார்களா? மற்ற முறைகளைப் பற்றிச் சொன்னார்களா? பக்கவிளைவு பற்றிச் சொல்லப்பட்டவர்கள் நாடு முழுக்க 62.4 சதவீதம்தான். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அந்த அறைக்குள் போனேன்.

கூடவே வந்திருந்த மாமியார், “ரெண்டாவது பையன் பொறந்துட்டா அப்புறம் என்ன வேணா பண்ணிக்கட்டும்” என்று ஆரம்பித்தார். 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 900 பெண் குழந்தைகள்கூட இல்லாத மாவட்டம் இது, அந்தப் பேச்சு எனக்குப் புதிதில்லை. நர்ஸ் மறுத்துப் பேசவில்லை. “அத்தை, குழந்தைக்கு இங்க புழுக்கமா இருக்கு, வெளிய ஃபேன் கிட்ட கொஞ்சம் வெச்சிருங்களேன்” என்று சொல்லி அவரை நல்லபடியாக வெளியே அனுப்பினார். பிறகு தங்கை மகளை, அதாவது எங்கள் பாப்பாவைப் பார்த்து, “பெரியம்மா இருக்கலாமா, அவங்களும் வெளிய இருக்கட்டுமா?” என்றார். அவள் இருக்கச் சொன்ன பிறகுதான் என்னை உட்காரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த ஆலோசனை அறைகளில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

அப்புறம் ஒரு தட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். பத்து வருஷம் தாங்கும் காப்பர் டி. ஹார்மோன் இல்லாத ‘சாயா’ மாத்திரை: முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று, லக்னோ மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தது. ஆணுறை. கடைசியாக ஊசி. தாய்ப்பால் கொடுப்பவளுக்கு எது ஒத்துவரும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். ஊசியைப் பற்றி அதிக நேரம் பேசினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ஆரம்பத்தில் கண்ட நாளில் உதிரம் படும், போகப்போக தீட்டே நின்றுபோகலாம், அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, கெட்ட ரத்தம் எதுவும் உள்ளே தங்காது. நிறுத்திய பிறகு கரு உருவாகக் கொஞ்சம் தாமதமாகும், கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். படிப்பு எப்போது முடியும் என்று கேட்டு, அந்தக் கணக்கையும் அவளோடு சேர்ந்தே போட்டார்.

டாக்டர் பிரஷர் பார்த்து, சில கேள்விகள் கேட்டு, சரி என்றதும் ஊசி போட்டார்கள். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, வெந்நீர் ஒத்தடமும் கூடாது என்பதைத் திருப்பிச் சொல்ல வைத்தார் நர்ஸ். அடுத்த தேதியை அட்டையில் எழுதி, தன் போன் நம்பரையும் கொடுத்தார். செலவு ஒன்றுமில்லை.

அந்த நம்பர் எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. 1965-இல் இந்தியாவில் லூப் (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) வந்தபோது பெரும் எதிர்பார்ப்போடு வந்தது. உதிரப்போக்கு அதிகமாகி அவதிப்பட்ட பெண்களைத் திரும்பிப் பார்க்க ஆளில்லாததால் சில வருஷத்திலேயே பெயர் கெட்டது. 1990களின் கடைசியில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் மக்கள்தொகை ஆய்வாளர் கிறிஸ்தோப் கில்மோட்டோவின் குழு, கணக்கெடுப்பு எண்களைக் கிராமவாரியாக வரைபடத்தில் ஏற்றியது. பிறப்பு விகிதம் குறைவது ஒரு பகுதியிலிருந்து பக்கத்துப் பகுதிக்குப் பரவுவதை அந்த வேலை காட்டியது. நல்ல பேச்சு பரவும் அதே தெரு வழியாகத்தான் பயமும் பரவும். எங்கள் பாப்பாவுக்கு இரண்டாவது மாதம் விட்டுவிட்டு உதிரம் பட்டது. பக்கத்து வீட்டு அக்கா, “இந்த ஊசியே வேணாம், விட்டுடு” என்றாராம். இவள் நர்ஸுக்குப் போன் செய்தாள். அவர் எத்தனை நாளாக, எவ்வளவு என்று விசாரித்து, வரச்சொல்லிப் பார்த்து, டாக்டரிடமும் காட்டி அனுப்பினார். பயம் தெளிந்தது, இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று.

குறைகளையும் சொல்ல வேண்டும். அறைக்குக் கதவு இல்லை, திரைதான். அடுத்த பெஞ்சில் இருப்பவருக்கு உள்ளே பேசுவது கேட்கும். தடுப்பூசி நாளில் போனதால் கூட்டம், வெகுநேரம் காத்திருந்தோம், கைக்குழந்தையோடு உட்கார நிழல் போதவில்லை. இரண்டையும் கொஞ்சம் பணம் ஒதுக்கினால் சரிசெய்துவிடலாம்.

பெரிய குறை வேறு. மாப்பிள்ளை அவ்வளவு நேரமும் வெளியே பைக் பக்கத்தில் நின்றார், அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. இவ்வளவு அக்கறையான நர்ஸுக்கும் அது தோன்றவில்லை. தழும்பில்லாத வாசக்டமி, அதாவது ஆணுக்கான கருத்தடை ஆபரேஷன், பெண்ணின் ஆபரேஷனைவிட எளிது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வைத்துக்கொண்டு, விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். இவர்களுக்கு இப்போது அது தேவையில்லை. ஆனால் குடும்பம் போதும் என்று நினைக்கும் நாளில் பாப்பா மட்டுமே யோசிக்க வேண்டிய காரியமாக அது ஆகக் கூடாது. ஆணும் உட்கார ஒரு நாற்காலி போடுங்கள் என்று வட்டார மருத்துவ அலுவலருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

போக நினைப்பவர்கள் தடுப்பூசி நாளைத் தவிர்த்து, காலையிலேயே போங்கள். குழந்தை பிறந்த தேதி, கடைசித் தீட்டு தேதி, சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனால் பேச்சு சுலபமாக இருக்கும். ஊசி பால்வினை நோய்களைத் தடுக்காது, அதற்கு ஆணுறைதான். அடுத்த ஊசித் தேதியில் வெளியூரில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரம் முன்னதாகவும் போட்டுக்கொள்ளலாம், அட்டையைக் காட்டினால் வேறு அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம்.