ஃபைபர் லைன் வாங்கலாம், பூஸ்டர் வேண்டாம்

நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊருக்கு ஃபைபர் லைன் வந்து பதினாலு மாதம் ஆகிறது. கேபிள் டிவிக்காரரேதான் இதையும் நடத்துகிறார். பெயர் போடவில்லை, ஊர்க்காரர், நாளைக்கு டீக்கடையில் முகத்தில் முழிக்க வேண்டும்.

மாதம் 499 ரூபாய்க்கு 40 எம்பிபிஎஸ் வேகம் என்று பேச்சு. பகலில் 38 வரை வருகிறது, ராத்திரி எட்டரைக்கு மேல் தெருவே உட்கார்ந்து படம் பார்க்கும்போது 12, 15 என்று இறங்கிவிடும். ரிப்பேர் வேலையில் குறை சொல்ல முடியாது. தை மாதம் நெல் அறுக்க வந்த மிஷின் வாய்க்கால் மேட்டில் தாழ்வாகத் தொங்கிய கேபிளை இழுத்துக்கொண்டு போய்விட்டது, காலையில் போன் செய்தேன், மதியச் சாப்பாட்டுக்குள் லைன்மேன் தம்பி வந்து ஒட்டிக்கொடுத்துவிட்டார்.

இனி பூஸ்டருக்கு வருகிறேன். மாதம் 149 கூடக் கட்டினால் வீடியோ காலும் கேமும் மட்டும் தடங்கல் இல்லாமல் ஓடுமாம். மகளுக்கு ராத்திரி ஆன்லைன் டியூஷன் இருக்கிறதே என்று போட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே ஓடியது. ஆனால் நாலாம் நாள் பக்கத்து வீட்டுச் சித்தப்பா வந்து, துபாயில் இருக்கும் மகனோடு பேசினால் முகம் அப்படியே உறைந்து நிற்கிறது என்றார். அவர் வீட்டுக்கும் எனக்கும் ஒரே கம்பத்துப் பெட்டியிலிருந்துதான் லைன், அதே 499 பிளான். ஊருக்குள் வரும் மொத்த நெட் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை, என் மடையைத் திறந்து அவர் மடையில் பலகை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கடைமடையில் வயல் வைத்திருப்பவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டவும் கூடாது. 799 கட்டினால் 100 எம்பிபிஎஸ் என்று இன்னொரு பிளான் இருக்கிறது, அது நியாயமான வியாபாரம். பெரிய குழாய்க்குப் பெரிய காசு, உள்ளே நான் என்ன பார்க்கிறேன் என்று யாரும் கேட்பதில்லை. அப்புறம் ராத்திரியில் யூடியூப் மட்டும் பளிச்சென்று ஓட, சிட்டா எடுக்கும் அரசு தளம் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, இதிலும் ஏதோ வேலை செய்கிறார்கள் என்று லைன்மேன் தம்பியிடம் சண்டைக்குப் போனேன். "அண்ணே, பெரிய கம்பெனிக்காரன் நிறைய பேர் பாக்குற வீடியோவை இங்க பக்கத்துலயே பெட்டியில காப்பி வச்சிருக்கான், தூரத்துலேர்ந்து வர வேண்டியதில்ல" என்றார். சரிதான், நெட்ஃபிளிக்ஸ்கூட இப்படிப் பெட்டி வைக்கிறது, ஓப்பன் கனெக்ட் என்று பெயர். 2017இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், எல்லாத் தளத்தையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்கிற நெட் நியூட்ராலிட்டிக்குப் பரிந்துரை எழுதியபோதே இந்த ஏற்பாட்டை விதிக்கு வெளியே விட்டுவிட்டது. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

பூஸ்டர் விஷயம் வேறு. எந்த ஆப், எந்தத் தளம் என்று பார்த்துத் தனி விலை போடக் கூடாது என்று டிராய் 2016 பிப்ரவரி 8ஆம் தேதியே விதி போட்டுவிட்டது. சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டிய ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் இங்கே நின்றுபோனது அதனால்தான். மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் வரை அபராதம். 2020 ஜூலையில் இரண்டு பெரிய செல்போன் நிறுவனங்கள் அதிகம் கட்டுபவருக்கு நெட்வொர்க்கில் முன்னுரிமை என்று பிளான் விற்றபோதும், நிறுத்திவைக்கச் சொல்லி டிராய் விளக்கம் கேட்டது. அந்தப் பெரிய கைகளுக்கே அப்படி என்றால், எங்கள் கேபிள்காரர் பில்லில் "இதர சேவை 149" என்று மட்டும் எழுதித் தருவது ஏன் என்று எனக்குப் புரிகிறது.

ஆபீஸுக்குப் போய் பூஸ்டரை நிறுத்தச் சொன்னேன். காசு திரும்பி வராது, அடுத்த மாதத்தில் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள், கழித்தும் விட்டார்கள். லைனுக்கு ஐந்துக்கு நாலு, பூஸ்டருக்குப் பூஜ்யம்.

இதை டைப் செய்யும்போதே மகள் டியூஷன் மிஸ் முகம் உறைந்து நிற்கிறது என்று கத்துகிறாள். விசாரித்தால், சித்தப்பா நேற்றுதான் பூஸ்டர் போட்டிருக்கிறாராம்.