போஷ் ஜிஇஎக்ஸ் 125-1 ஏஇ சாண்டர்: மெஷினை விட பேடைக் கவனியுங்கள்

மரத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் ரேண்டம் ஆர்பிட் சாண்டர் வாங்கும்போது எல்லோரும் வாட்டையும் விலையையும்தான் கேட்கிறார்கள். ஆனால் மரத்தில் வேலை செய்வது, அடியில் உப்புத்தாள் ஒட்டும் வட்டமான பேட். பரப்பு வழுவழுவென்று வருவதும், சுருள் சுருளாகப் பூச்சிக் கோடு விழுவதும் அதைப் பொறுத்தது.

முதலில் மெஷின். 250 வாட், 1.3 கிலோ, 125 மி.மீ. பேட், 2.5 மி.மீ. ஆர்பிட் (பேட் வட்டமடிக்கும் அகலம்). ப்ளைவுட் அலமாரிக்கும் தேக்குக் கதவுக்கும் தாராளமாகப் போதும். குறை என்று சொன்னால் வேகம்: நிமிடத்துக்கு 7,500 சுற்றுக்குக் கீழே இறங்காது. பாலிஷ் கோட்டுகளுக்கு நடுவே தேய்க்க இது அதிகம். அந்த வேலையே உங்களுக்கு முக்கியம் என்றால் 4,000 வரை இறங்கும் மக்கீட்டா பிஓ5031 நல்லது.

பேடில் மூன்று கடினம் கிடைக்கும். கடினமானது சமதளத்துக்கும் பழைய பெயிண்ட் உரிக்கவும். 40, 60 கிரிட் தாளை அதில் மாட்டலாம் (கிரிட் எண் குறைந்தால் தாள் சொரசொரப்பு). நடுத்தரம் அன்றாட வேலைக்கு. மென்மையானது நாற்காலிக் கை மாதிரி வளைவுகளுக்கு மட்டும். அதைப் பலகை ஓரத்தில் ஓட்டினால் கூர்விளிம்பு மழுங்கிவிடும், மேலே மெல்லிய மரத்தகடு ஒட்டிய வெனீர் என்றால் ஓரத்தில் அடிமரமே தெரிந்துவிடும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நடுத்தரம் வாங்குங்கள்.

விலை குறைந்த மாற்று பேடில் ஒரு சிக்கல் உண்டு. மெஷினுக்குள் இருக்கும் எதிர்எடை, அசல் பேடின் எடைக்குக் கணக்கிட்டு வைத்தது. எடை மாறினால் அதிர்வு கூடும். கை மரத்துப்போகும், பேரிங்கும் சீக்கிரம் போகும். அசல் பேடே போடுங்கள். அதற்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பேட் சேவர் ஒட்டினால், தேய்வது அதுவாக இருக்கும், பேட் பிழைக்கும்.

பேடைக் கொல்வது சூடு. அழுத்தித் தேய்த்தால் தாளைப் பிடித்திருக்கும் வெல்க்ரோ கொக்கிகள் உருகும், அதுவும் ஓரத்தில்தான் முதலில். பிறகு தாள் பறக்கும். மெஷினின் எடையே போதும். கை வழிகாட்டினால் சரி. நொடிக்கு ஓர் அங்குலம் என்ற நிதானத்தில் நகர்த்துங்கள். தாளின் 8 துளைகள் பேடின் துளைகளோடு பொருந்த வேண்டும். துளையில்லாத தாளை ஒட்டினால் தூசி வெளியேறாமல் அடியிலேயே சுற்றும், தாள் அடைத்துக்கொள்ளும், சூடும் ஏறும். தூசிப் பெட்டி பாதி நிறைந்ததுமே கொட்டுங்கள். உள்ளே இருக்கும் ஃபில்டரைத் தட்டி, மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். வாக்குவம் மாட்டினால் இன்னும் நல்லது.

பலரும் கவனிக்காமல் விடுவது பேட் பிரேக். மரத்தில் படாதபோது பேட் தாறுமாறாகச் சுழலாமல் தடுப்பது அதுதான். மெஷினைத் தூக்கிப் பிடித்து ஓடவிடுங்கள். பேடின் சுழற்சி நாளுக்கு நாள் வேகமெடுக்கிறது என்றால் பேட் கெட்டிருக்கும் அல்லது பிரேக் தேய்ந்திருக்கும். அப்படியே மரத்தில் இறக்கினால் வட்டக் கீறல் ஆழமாக விழும், அதைப் போக்க 80 கிரிட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். பேட் மாற்றியும் சரியாகாவிட்டால் சர்வீஸ் சென்டரில் பிரேக்கை மாற்றுங்கள்.

பேட் மாற்றும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூக்களை எடுங்கள். புதியதைப் பொருத்தும்போது பேடின் பள்ளங்களும் மெஷினின் பற்களும் சரியாக உட்கார வேண்டும். உட்காராமல் முடுக்கினால் பேட் சாய்ந்து ஆடும்.

காற்றுத் துளைகளை ப்ளோயரால் ஊதுங்கள், ஆனால் பேரிங்கின் மேல் நேராக அடிக்காதீர்கள். தூசி உள்ளே போய்விடும். கரகர சத்தமும் பேட் பக்கம் சூடும் சேர்ந்து வந்தால் பேரிங் முடிந்தது. மாற்றும்போது இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். தகரமூடி போட்டது மரத்தூளைத் தாங்காது. மோட்டாரில் பொறி அதிகம் பறந்தாலோ விட்டுவிட்டு ஓடினாலோ, சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.