அக்காவின் நாக்குக்காக ஒரு ஊர்ப் பயணம்

மாங்காய் சீசனில் ஊருக்கு வருகிறேன் என்று ஷார்ஜாவிலிருந்து வருஷா வருஷம் சொல்வேன். இந்த முறை வந்தேவிட்டேன், அக்காவுக்காக.

வீடு கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணம். நாக்கின் பின்பக்கம் உருண்டையாக ஏதோ இருக்கிறது என்று அக்கா எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். புண் இல்லை, ரத்தம் இல்லை. ஒரு தனியார் கிளினிக்கில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். இன்னொன்றில் பல் குத்துகிறது என்று பல்லை ராவிவிட்டார்கள். பாதி நாக்கு மரத்துப்போகிறது என்று அவர் சொன்னதை எந்தச் சீட்டிலும் எழுதவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாளே போலுப்பள்ளி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். நல்ல கூட்டம். காது மூக்கு தொண்டைப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் கையுறை மாட்டி, நாக்கின் அடிவரை விரலால் அழுத்திப் பார்த்தார். எட்டு மாதத்தில் அப்படிப் பார்த்த முதல் ஆள் அவர்தான். "மேலே ஒண்ணும் தெரியாதும்மா, கட்டி உள்ளே இருக்கு. சதை எடுத்துப் பார்த்துடலாம்" என்றார்.

பயாப்சியில் வந்த பெயர் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா. எச்சில் சுரப்பியில் வரும் அரிய புற்றுநோய். நாக்கில் எப்படி என்று கேட்டேன். காதோரமும் தாடைக்கு அடியிலும் இருக்கும் பெரிய சுரப்பிகள் போக, வாயிலும் தொண்டையிலும் நூற்றுக்கணக்கில் சிறு சுரப்பிகள் உண்டாம். நாக்கில் வழக்கமாக வரும் புற்றுநோய்க்குத்தான் புகையிலையோடு நெருங்கிய தொடர்பு, இதற்கு அப்படி இல்லை என்றார். "ஒளிச்சு வெச்சுப் போட்டாளோ" என்று சொந்தக்காரர்கள் பேசியது அக்காவை நோயைவிட அதிகம் வதைத்திருந்தது. கூட வந்திருந்த சித்தி காதில் விழும்படி டாக்டரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

மெதுவாக வளரும், ஆனால் நரம்பைப் பிடித்துக்கொண்டே ஊரும் நோய் இது. நாக்கு மரத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்றார்கள். எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க எம்.ஆர்.ஐ., நுரையீரலுக்காக மார்பு சி.டி. நுரையீரலில் எதுவும் இல்லை.

ஆபரேஷனுக்குப் பெங்களூரு போனோம். கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர்தான், சென்னையைவிடப் பக்கம். ரிப்போர்ட் மட்டும் போதாது, பயாப்சி சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கும், அதிலிருந்து சீவிய ஸ்லைடும் வேண்டும் என்று அங்கே கேட்டார்கள். அரிய வகை என்பதால் அவர்களுடைய நோயியல் டாக்டரும் பார்த்து உறுதி செய்வாராம். அதற்காகத் திரும்பி வந்து வாங்கிப் போனதில் இரண்டு நாள் வீண். பயாப்சி எடுத்த இடத்தில் முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எந்தெந்த மருத்துவமனையில் செல்லும் என்பதையும் கிளம்பும் முன்பே விசாரியுங்கள்.

நாக்கில் ஒரு பகுதியை எடுத்து, முன்கைச் சதையை வைத்துத் தைத்தார்கள். அடுத்தது கதிர்வீச்சு, வாரம் ஐந்து நாளாக ஆறு வாரத்துக்குமேல். இந்த வகை கீமோவுக்கு அவ்வளவாக மசியாது என்றார்கள். பல வருஷம் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டலாம் என்பதால் சோதனையை விடவே கூடாதாம்.

சாப்பாட்டுக்காக வைத்திருந்த மூக்குக் குழாயை எடுத்த அன்று அக்கா நோட்டில் எழுதிக் காட்டியது, "களி". விழுங்கப் பயிற்சி தரும் பெண் சிரித்துவிட்டு, "இப்போ கஞ்சிதான்க்கா" என்றார். அன்று ராத்திரி எனக்கு விமானம்.