வாலிபால் பசங்களுக்குக் கடல் மணலா, கட்டாந்தரையா?

ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம், ஏர்வாடி பக்கம் பசங்களைப் பழக்க மணலும் உண்டு, பள்ளிக்கூடத்துக் கட்டாந்தரையும் உண்டு.

விழப் பயப்படுகிற பையனை முதலில் மணலில் விடுங்கள். முட்டி சிராய்க்காது என்று தெரிந்ததும் பாய்ந்து விழுந்து பந்தை எடுக்கும் டைவ் தானாக வரும். ஆட விடுமுன் ஒரு தடவை வாருகோலால் வாரிவிடுவது அவசியம். உடைந்த சிப்பியும் தூண்டில் முள்ளும் மேலாகவே கிடக்கும். கால் புதைவதால் கெண்டைக்காலுக்குப் பாரம் அதிகம், குதிப்பைக் குறைத்தே தொடங்குங்கள்.

சிக்கல் ஸ்பைக்கில்தான், அதாவது எம்பி வலைக்கு மேலாகப் பந்தை அடிப்பதில். மணலில் எம்ப நேரம் பிடிக்கும், அதனால் பையன் முன்கூட்டியே கிளம்பப் பழகுவான். அதே பழக்கத்தோடு தரைக்கு வந்தால், பந்து வருவதற்குள் ஏறி இறங்கிவிடுவான். கையைத் திருத்திப் பயனில்லை. அடிக்கத் தோதாகப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் அதைத் தொட்ட பிறகு ஓடச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு திருத்தம் போதும்.

தரையில் 18×9 மீட்டர், ஆறு பேர். பீச்சில் 16×8, இரண்டு பேர். தரைப் பந்தில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 கிலோவுக்குக் குறையாது, பீச் பந்தில் 0.225ஐத் தாண்டாது. பலர் ஒரே பந்தை இரண்டுக்கும் எடுத்துப்போகிறார்கள், கை எரிகிறதென்று பையன்மேல் பழி!

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் நாளில், பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டிங் பயிற்சி தரைப் பக்கமே நடக்கட்டும். ஆறு பேர் ஆட்டத்துக்குத் தயாராகும் பையனுக்கு வாரம் நாலு நாள் தரை, இரண்டு நாள் மணல்.