மஃபாத் ஜீத்தில் ஓர் இரவு: வாசலைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுங்கள்

மஃபாத்துக்குள் சாலை கிடையாது. இந்தியப் பெருங்கடலில் மொரிஷியஸுக்கு அருகே இருக்கும் ரீயூனியன் தீவின் நடுவில் 3,071 மீட்டர் உயர பித்தோன் தே நேஜ் உச்சியை ஒட்டி மூன்று பெரும் மலைக்கிண்ணங்கள் இருக்கின்றன. அவற்றில் சிலாவோஸுக்கும் சலாசிக்கும் பேருந்து உண்டு. மஃபாத்துக்கு நடந்துதான் போகவேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். உள்ளே 700, 800 பேர் ‘இலெத்’ எனப்படும் சிறு மேட்டுநிலங்களில் குடியிருக்கிறார்கள். நிலம் அவர்கள் பெயரில் இல்லை. வனத்துறை பார்த்துக்கொள்ளும் நிலத்தில் உரிமம் பெற்று வாழ்கிறார்கள். சுற்றுமுற்றும் 2007-இல் அமைந்த தேசியப் பூங்கா. 2010 முதல் இந்த மலைச்சுவர்களும் கிண்ணங்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன.

இங்கே தங்குமிடம் என்றால் ‘ஜீத்’. குடும்பம் நடத்தும் சிறு விடுதி, பெரும்பாலும் ஆறு எட்டுப் பேர் சேர்ந்து படுக்கும் அறை, இரவுச் சாப்பாடும் காலைச் சிற்றுண்டியும் சேர்த்து ஒரே கட்டணம். தலைக்கு 50 யூரோவை ஒட்டிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்துக்குக் கடற்கரையில் இதைவிட மெத்தென்ற கட்டில் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் தட்டில் விழும் அரிசி, அடுப்பில் எரியும் எரிவாயு உருளை, கூரைத் தகடு, சிமென்ட் மூட்டை எல்லாம் ஹெலிகாப்டரில் தொங்கி வந்தவை. குப்பைப் பையும் அப்படியே வெளியேறுகிறது. மஃபாத்தைச் சூழல் நட்பு ஊர் என்று சொல்வதற்கான காரணமும் இதுதான்: ஒவ்வொரு கிலோவுக்கும் விலை இருப்பதால் ஒன்றையும் வீணாக்க முடியாது. ஹெலிகாப்டர் எரிக்கும் எண்ணெயைக் கணக்கில் சேர்க்காமல் இதைப் பசுமைச் சொர்க்கம் என்று எழுதுபவர்கள் பாதிக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள்.

முதல் முறை வருபவர்கள் செய்யும் தவறு, படத்தில் அழகாக இருக்கும் இலெத்தை முதலில் பதிவு செய்துவிட்டு, எப்படிப் போவது என்று பிறகு யோசிப்பது. வாசல்தான் முதலில். எந்த வழியாக உள்ளே நுழைகிறீர்கள் என்பது உங்கள் முழங்கால், வண்டி, திரும்பும் பேருந்து எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும்.

குடும்பத்தோடு வருபவர்களுக்குக் கோல் தே பே கணவாய். சலாசிப் பக்கம் கிரான் இலெத் தாண்டி, லெ பெலியே வழியாக வனச்சாலையில் மேலே போனால் காவலுள்ள கட்டண நிறுத்துமிடம் இருக்கிறது. இரவு வண்டியை அங்கேயே விடுங்கள். காசை மிச்சம்பிடிக்க வழியோரத்தில் விட்டுவிட்டுப் போவது புத்திசாலித்தனம் அல்ல. கணவாய் கிட்டத்தட்ட 1,950 மீட்டர். அங்கிருந்து தாமரென் மரங்கள் நிறைந்த சமவெளி வழியாக, 1,400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் லா நூவேல் என்ற இலெத்துக்கு இரண்டு மணி நேர இறக்கம். பெயரைப் பார்த்துப் புளியமரம் என்று நினைக்கவேண்டாம்; அது இந்தத் தீவுக்கே உரிய ஒருவகை அக்கேசியா, வளைந்து நெளிந்து பாசி தொங்க நிற்கும். நடக்கப் பழகிய எட்டு வயதுப் பிள்ளை இந்த வழியைத் தாங்கும். சிக்கல் ஒன்றுதான்: சேறான இடங்களில் தரைக்குக் குறுக்கே மரக்கட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். மழை பட்ட கட்டை சோப்புப் போட்ட தரைதான். கட்டையின் மேல் குறுக்காகக் கால் வைக்காமல், இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள மண்ணில் பாதத்தை முழுதாகப் பதித்து நடங்கள். மணிக்கட்டு முறிவதெல்லாம் வழுக்கி விழும்போது கையை ஊன்றுவதால்தான். ஊன்றுகோல் ஒன்று கையில் இருந்தால் பாதி ஆபத்து போய்விடும்.

பேருந்தை நம்பி வருபவர்களுக்குச் சிலாவோஸ் வழி நல்லது. 400 வளைவுச் சாலை என்றே அதற்குப் பெயர். வாந்தி வருபவர்கள் முன்னிருக்கையைப் பிடியுங்கள். சிலாவோஸிலிருந்து இலெத் அ கோர்த் போகும் சாலையில் தாயிபித் பாதை தொடங்குகிறது. 800 மீட்டருக்கு மேல் ஒரே ஏற்றம், 2,081 மீட்டரில் கணவாய், பிறகு 450 மீட்டர் இறங்கினால் மார்லா இலெத். மூன்று மணி நேரம் ஆகும், குழந்தைகளோடு என்றால் நாலு. இறங்குவதைவிட ஏறுவது முழங்காலுக்குச் சுகம் என்பவர்களுக்கு இந்த வாசல்தான்.

மேற்கு மலைச்சுவரின் மேலே உள்ள மாயிதோவிலிருந்து ரோஷ் பிளாத் இலெத்துக்கு இறங்குவது பார்க்க அருமை, முழங்காலுக்குத் தண்டனை. ஏறக்குறைய 1,000 மீட்டர் செங்குத்து இறக்கம், மறுநாள் அதே வழியில் ஏற்றம். மாயிதோ காட்சிமேடைக்கு விடியற்காலையில் வண்டியில் போய் மேலிருந்தே பார்த்துவிட்டு வருவது பலருக்குப் போதும். பத்து பதினொரு மணிக்கெல்லாம் கிண்ணம் முழுக்க மேகம் ஏறிவிடும். மேற்கிலிருந்து இன்னொரு வழி சான் சூசியில் தொடங்கும் குழாய்ப் பாதை. தண்ணீர்க் குழாயை ஒட்டிப் போவதால் முதல் பகுதி கிட்டத்தட்ட சமதளம், ஆனால் நீளம் அதிகம், மழைக்குப் பின் மேலிருந்து கல் உருளும். வடக்கே ரிவியேர் தே காலே ஆற்றுப்படுகையில் நாலு சக்கர வண்டிகள் தே பிரா வரை கொண்டுபோய் விடும். அங்கிருந்து 700 மீட்டர் அளவுக்கு ஏறினால் ஓரேர் இலெத். ஆற்றில் நீர் ஏறினால் வண்டி போகாது. உள்ளே போன பிறகு மழை பிடித்தால் வெளியே வரவும் அந்த வழி உதவாது. ஆகையால் ஓரேர் போகிறவர்கள் மாற்று வழி ஒன்றையும் வரைபடத்தில் பார்த்து வைத்திருக்கவேண்டும். பிரான்சின் நில அளவைத் துறையான ஐ.ஜி.என். வெளியிடும் 4402 ஆர்.டி. எண்ணுள்ள வரைபடம் மஃபாத்தையும் சலாசியையும் காட்டும். கைப்பேசி வரைபடம் போதும் என்றால் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சமிக்ஞை திட்டுத்திட்டாகத்தான் கிடைக்கும்.

எந்த மாதம்? மே முதல் நவம்பர் வரை. இந்தத் தீவின் தமிழ் வம்சாவளியினர் எடுக்கும் தைப்பூசக் காவடிக்கு இந்தியாவிலிருந்தும் மொரிஷியஸிலிருந்தும் வரும் நம்மவர்கள் அப்படியே மஃபாத்தையும் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடுகிறார்கள். தைப்பூசம் வருவது ஜனவரி, பிப்ரவரியில். அதுவே மழையும் புயலும் உச்சத்தில் இருக்கும் காலம். இந்தத் தீவின் ஃபோக் ஃபோக்கில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது. உலகச் சாதனை அது. 2025 பிப்ரவரி 28-இல் தாக்கிய கராஞ்ஸ் புயல் பல மலைப்பாதைகளை அடைக்க வைத்தது. பாதை அடைப்பு ஆணை இருக்கும்போது கயிற்றைத் தாண்டிப் போவது வீரம் அல்ல. கிளம்புவதற்கு முந்தின நாள் வனத்துறையின் பாதைப் பட்டியலைப் பாருங்கள். தீபாவளியை ஒட்டி வருபவர்களுக்கு வானிலை தோதானது, ஆனால் அக்டோபரில் கிரான் ரெயித் மலையோட்டம் மஃபாத் வழியாகத்தான் போகிறது. அந்த வாரம் படுக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஜூலை, ஆகஸ்ட்டில் மார்லாவில் இரவு நடுங்கும். கம்பளிச் சட்டையும் காதுக்குத் தொப்பியும் இல்லாமல் ‘வெப்பமண்டலத் தீவுதானே’ என்று போகாதீர்கள்.

சாப்பாடுதான் நம் ஆட்கள் அதிகம் கேட்பது. ஜீத் மேசையில் வருவது சோறு, ‘க்ரேன்’ எனப்படும் பருப்பு அல்லது அவரை, ஒரு ‘கரி’, ‘ருகாய்’ என்ற காரத் தொட்டுக்கை. கரி நம் கறிதான், ஆனால் தேங்காயும் மசாலாத்தூளும் இராது. வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள், தைம் இலை. மஞ்சளுக்கு இங்கே ‘சஃப்ரான்’ என்று பெயர். குங்குமப்பூ என்று மயங்கவேண்டாம். ருகாய் என்ற சொல் ஊறுகாயிலிருந்து வந்தது என்பார்கள். கொத்தமல்லி இங்கே கொத்தோமிலி, கறிவேப்பிலை கலுப்பிலே, பீர்க்கங்காய் பிப்பாங்காய். சௌசௌவுக்கு எந்த மொழிபெயர்ப்பும் வேண்டாம், சூசூ என்றால் போதும்.

சைவர்கள் கவனிக்கவேண்டியது இது. ‘வெஜிதேரியன்’ என்று பதிவுப் படிவத்தில் எழுதினால் சில இடங்களில் மீன் வரும், சில இடங்களில் கோழியை எடுத்துவிட்டு அதே குழம்பு வரும். ‘மி லே ஆன் கரெம்’ (நான் விரதத்தில் இருக்கிறேன்) என்று சொல்லுங்கள். தீமிதிக்கும் காவடிக்கும் முன் நம்மவர்கள் இருக்கும் விரதத்துக்கு இங்கே ‘கரெம்’ என்று பெயர்; இறைச்சி, மீன், முட்டை, மது எதுவும் கூடாது என்று கிரெயோல் சமையல்காரருக்கு அந்த ஒரு சொல்லிலேயே விளங்கிவிடும். இருந்தாலும் பருப்பைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். அவரையோ பருப்போ வேகும் பானையில் ருசிக்காகப் புகையூட்டிய பன்றித் துண்டு ஒன்றைப் போடும் பழக்கம் உண்டு, ‘புக்கானே’ என்பார்கள். பிறகு அதை எடுத்துப் போட்டுவிட்டால் பருப்பு சைவமாகிவிடாது. சர்க்கரைவள்ளிக் கேக்கில் முட்டை இருக்கும். பதிவின்போது ஒரு முறை, முந்தின நாள் தொலைபேசியில் இன்னொரு முறை சொல்லுங்கள்; அந்த மலையில் நினைத்தபோது கடைக்கு ஓடிக் காய்கறி வாங்க முடியாது. ஒழுங்காகச் சொல்லியிருந்தால் சோறு, பருப்பு, சௌசௌக் கொடியின் இளந்தளிரைப் பூண்டு இஞ்சியோடு வதக்கிய கீரை, தக்காளி ருகாய் என்று வரும். நடந்து களைத்த வயிற்றுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். காலைச் சிற்றுண்டி மட்டும் சுமார்: ரொட்டி, ஜாம், காப்பி. நீரிழிவு உள்ளவர்கள் வறுத்த கடலையோ கொண்டைக்கடலையோ பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போங்கள்.

மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து. மதியத்துக்கு மேல் மேகம் சூழ்ந்துவிடுவதால் மின்கலம் காலையில்தான் நிறைகிறது. அந்தச் சேமிப்பில்தான் இரவு முழுக்க விளக்கும் குளிர்பெட்டியும் ஓடவேண்டும். இதில் 1,500 வாட் முடி உலர்த்தியையோ தண்ணீர்க் கெட்டிலையோ சொருகினால் இன்வெர்ட்டர் அணைந்துவிடும், வீடு முழுக்க இருட்டாகும். கைப்பேசிக்குத் தனி மின்கலம் எடுத்துப் போங்கள். தலைவிளக்கு கட்டாயம், கழிப்பறை பல இடங்களில் அறைக்கு வெளியே. வெந்நீர் உண்டு என்று எழுதியிருந்தால் ஐந்து மணிக்கு முன்னால் வந்து சேர்பவர்களுக்கு உண்டு என்று பொருள்.

ஓடைகளில் இறங்கும்போது காலில் புண் இருந்தால் தண்ணீர் படாமல் மூடுங்கள். எலிக்காய்ச்சல் இந்தத் தீவில் இருக்கிறது, மழைக்காலத்தில் கூடும். ஓடை நீரைக் குடிக்கவேண்டாம். இரண்டு லிட்டர் சுமந்து போய் ஜீத்தில் நிரப்பிக்கொள்ளலாம், குடிக்கத்தக்கதா என்று கேட்டுவிட்டு. பை மொத்தம் ஆறேழு கிலோவைத் தாண்டக்கூடாது: மழைச்சட்டை, மாற்று உடை ஒன்று, காலுறை இரண்டு, உள்ளே நுழைந்து படுக்கப் பையாகத் தைத்த விரிப்பு (போர்வை தருவார்கள், விரிப்பு எல்லா இடத்திலும் தருவதில்லை), ரொக்கம், குப்பைக்கு ஒரு பை. உள்ளே பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை. அட்டை வாங்கும் இடங்களிலும் சமிக்ஞை போனால் வாங்கமாட்டார்கள். குடித்த பீர் டப்பாவைக்கூடத் திரும்ப மஃபாத்துக்கு வெளியே கொண்டுவந்து குப்பைத்தொட்டியில் போடுவதுதான் முறை. அங்கே விட்டால் அதுவும் ஹெலிகாப்டர் ஏறும்.

எந்த இலெத்? முதல் முறைக்கு லா நூவேல். பள்ளி, தேவாலயம், ரொட்டிக்கடை, மளிகை எல்லாம் இருக்கும் இடம். ஏதாவது பிசகினால் உதவி கிடைக்கும். குறை, கூட்டம். தனிமை வேண்டுபவர்களுக்கு மார்லா. லா நூவேலிலிருந்து இரண்டு மணி நேரம். நடுவே மூன்று பாறை அருவிப் பக்கம் சுற்றிப் போகலாம், ஆனால் நீர் பிளவுக்குள் மறையும் விளிம்புக்குப் படமெடுக்கப் போகாதீர்கள். ஓரேரைத் தெரிந்தவர்கள் கொஞ்சம். அதனாலேயே அங்கே உபசரிப்பு நிதானமாக இருக்கும்.

குறைகளையும் சொல்லவேண்டும். பலகைச் சுவர், பக்கத்து அறைக் குறட்டை அப்படியே கேட்கும். காலை ஏழு மணிக்கு மேல் சுற்றுலா ஹெலிகாப்டர்களின் இரைச்சல். அமைதிக்காக நடந்து வந்தவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். சில ஜீத்களில் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். தீவின் சுற்றுலாத் துறை நடத்தும் பதிவு மையம் வழியாகப் போவது மேல். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ரீயூனியன் பிரான்சின் பகுதி, ஆனால் ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. விசா எடுப்பவர்கள் அது ரீயூனியனுக்குச் செல்லுபடியாகும் என்று அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் நாளில் ஏழு மணிக்கு முன் கிளம்புங்கள். கோல் தே பேக்கு ஏற்றம், இறங்கியதைவிட அரை மணி கூடப் பிடிக்கும். மேகம் ஏறுவதற்குள் கணவாயைத் தொட்டுவிட்டால் பின்னால் மாயிதோ சுவர் முழுதாகத் தெரியும். குளிர்காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதால் மதியத்துக்கு மேல் கிளம்பினால் 112 என்ற அவசர உதவி எண்ணை அழைக்கவேண்டி வரலாம். கட்டைப் பாதையில் ‘தெக்-தெக்’ என்று கூவிக்கொண்டு ஒரு சிறு குருவி கூடவே தத்தித் தத்தி வரும். உங்கள் காலடி கிளப்பும் பூச்சிக்காக வருகிறது அது; ரொட்டித்துண்டு போடாதீர்கள்.