கடையா, சந்தையா, வகுப்பா: மண்பாத்திரம் வனைந்து பிழைக்க எந்த வழி?

குவளை, கிண்ணம், தட்டு என்று அன்றாடம் புழங்குகிற பாத்திரங்களை மட்டுமே கையால் வனைந்து விற்றுப் பிழைக்க நினைப்பவர்களுக்கு எங்கே விற்பது என்பதுதான் முதல் தலைவலி. பலரும் இதைக் கமிஷன் கணக்காகவே பார்க்கிறார்கள். கடைக்காரர் பாதியை எடுத்துக்கொள்வார், சந்தையில் விற்றால் முழுசும் நமக்கு, ஆகவே சந்தைதான் மேல் என்று. எனக்கு இந்தக் கணக்கு ஒப்பவில்லை. திருகையில், அதாவது வனையும் சக்கரத்தில், உட்கார வேண்டிய நேரத்தை எந்த வழி எவ்வளவு தின்கிறது என்று பார்த்தால் வரிசையே மாறிவிடும்.

ஒரு குவளையை எடுத்துக்கொள்ளுங்கள். பழகிய கைக்கு 400 கிராம் மண்ணைச் சக்கரத்தில் வைத்து எழுப்பச் சில நிமிடங்கள் போதும். ஆனால் அதற்கு முன்னால் மண்ணைப் பிசைய வேண்டும், அப்புறம் பாதி காய்ந்ததும் அடியைச் செதுக்கி, கைப்பிடி இழுத்து ஒட்டி, ஒட்டிய இடம் விரிசல் விடாமல் மூடிவைத்து மெதுவாகக் காயவிட்டு, 1000 டிகிரி செல்சியஸை ஒட்டி ஒருமுறை சுட்டு, அடியில் மெழுகு தடவி, கிளேஸில் (சுட்டால் கண்ணாடிபோல் படியும் பூச்சு) முக்கியெடுத்து, ஸ்டோன்வேர் (அதிக வெப்பத்தில் சுடும் கெட்டியான வகை) என்றால் 1220 முதல் 1300 டிகிரி வரை மறுபடியும் சுட்டு, கடைசியாக அடியைத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். வனைவதுதான் இருப்பதிலேயே சின்ன வேலை. இதற்கெல்லாம் மேலே விற்கிற வேலையும் நம் தலையில்தான் விழும் என்றால் அந்த மணி நேரத்துக்கும் ஒரு கூலி போட்டுத்தான் ஆக வேண்டும்.

கடைக்கு மொத்தமாகக் கொடுத்தால் சில்லறை விலையில் பாதிதான் வரும், அதுதான் பொதுவான வழக்கம். ஆனால் பெட்டி வாசலைத் தாண்டியதோடு நம் வேலை முடிந்தது. அடுத்த மாதம் என்ன வனைய வேண்டும் என்பது இந்த மாதமே தெரியும், சூளையும் காலியிடம் இல்லாமல் நிரம்பும். லீச் பாட்டரி இங்கிலாந்தில் 1920இல் தொடங்கிய மண்பாத்திரப் பட்டறை. அங்கே 1940களில் ஒரே வடிவ வரிசையை அட்டவணை போட்டு விற்கத் தொடங்கியதும், இப்படி உறுதியான ஆர்டர்தான் பட்டறையை ஓட வைக்கும் என்பதால்தான். குறை என்னவென்றால், ஒரே குவளையைத் திரும்பத் திரும்ப வனைவதில் சலிப்பு வரும், மணிக்கட்டும் முதுகும் வேறு கேள்வி கேட்கும்.

சந்தையில் முழு விலை கிடைக்கிறது, சரி. கடை போட வாடகையை முன்கூட்டியே கட்டுகிறோம், மழை பெய்தாலும் அது திரும்ப வராது. பொதி கட்ட, ஏற்றி இறக்க, நாள் முழுக்க நிற்க, மீந்ததைத் திரும்பக் கொண்டுவர என்று போகிற நாட்களில் ஒரு குவளைகூட உருவாகாது. ஆனாலும் நான் சந்தையை முழுசாக விடச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் வாங்குகிறவர் கையை அங்கேதான் பார்க்க முடியும். ஒருவர் குவளையை எடுத்ததும் கைப்பிடிக்குள் விரலை விட்டுப் பார்ப்பார், இரண்டாவது விரல் நுழையாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கடைக்காரர் இதைச் சொல்லவே மாட்டார், 'இந்த மாடல் போகலை' என்பார், அவ்வளவுதான். ஆகவே வருமானத்துக்குக் கடை, கற்றுக்கொள்ள வருஷத்துக்கு இரண்டு மூன்று நல்ல சந்தைகள் என்பது என் கட்சி.

விற்ற பிறகு பணம் தருகிறேன் என்று சரக்கை வாங்கி வைத்துக்கொள்ளும் கடைகளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சதவீதம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம், ஆனால் முதலீடு நம்முடையது, அலமாரி அவருடையது. உடைந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் இல்லாமல் ஒரு கிண்ணம்கூடக் கொடுக்காதீர்கள்.

ஆன்லைன் விற்பனை பெரிய கிண்ணத்துக்கும் டீபாட்டுக்கும் கட்டுப்படியாகும். ஒற்றைக் குவளைக்குப் போட்டோ, பதில், பெட்டிக்குள் பெட்டி என்று செலவாகும் நேரம், பல சமயம் அதை வனைந்த நேரத்தையே தாண்டிவிடும்.

மாதக் கடைசியில் வாடகையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் வனையச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புதான், பணமும் முன்கூட்டியே வந்துவிடுகிறது. சாதாரண மனிதர் வாங்கக்கூடிய விலையில்தான் பாத்திரம் விற்பேன் என்று கடைசிவரை நின்ற அமெரிக்கக் குயவர் வாரன் மெக்கென்சியைப் பலர் உதாரணம் காட்டுவார்கள், அவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பேராசிரியராகச் சம்பளம் வாங்கியதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள். வகுப்புக்கு வேறு விலை இருக்கிறது. மாணவர்களின் பொருட்கள் நம் சூளையில் இடம் பிடிக்கும். யாரோ ஒருவர் தடிப்பாகப் பூசிய கிளேஸ் வழிந்து சூளைப் பலகையோடு ஒட்டிக்கொண்டால் உளியோடு உட்கார்ந்து சுரண்டப்போவது நாம்தான்.

உணவக ஆர்டர்தான் பார்க்க ஆசையாக இருக்கும், ஆளையும் கவிழ்க்கும். மண் 12 சதவீதம் சுருங்கும் என்றால், 27 சென்டிமீட்டர் தட்டு கைக்கு வர ஈரத்தில் 30.7 வனைய வேண்டும், அதுவும் எல்லாத் தட்டும் ஒன்றின்மேல் ஒன்று அசையாமல் அடுக்கி நிற்க வேண்டும். தட்டுதான் கோணுவதற்குப் பேர்போனது. ஐந்தாறு குவளைகள் நிற்கிற இடத்தை ஒரே தட்டு அடைத்துக்கொள்ளும். செஃப்களுக்குப் பிடித்த பளபளப்பில்லாத மேட் வெள்ளைக் கிளேஸில் கத்தியும் முட்கரண்டியும் சாம்பல் நிறக் கோடு இழுத்துவிடும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடும் சோப்பின் காரத்தன்மை சரியாக அமையாத கிளேஸை மெல்ல அரித்துவிடும். அடுத்த வருஷம் உடைந்ததற்கு மாற்று கேட்கும்போது அதே நிறம் வேறு வர வேண்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலைந்து மாதிரித் தட்டுகளைக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்து, ஒரு மாதம் அவர்கள் அடுக்களையிலேயே அடிபட விட்டு, அப்புறம் பாதி முன்பணத்தோடு ஆர்டர் எடுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத உணவகம் மாற்றுத் தட்டுக்கும் சரியாகப் பணம் தரப்போவதில்லை.